மூளை இல்லாத பேஷன்ட்

பெரியவரின் நகத்தைத்தான் அரம் முதலில் பார்த்தாள். மேஜை நிறையக் கிடந்த மருந்துகளைப் பார்க்கவில்லை. வாசலில் கண் வீங்கி நின்ற மருமகளையும் பார்க்கவில்லை. நேரே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த மனுஷரின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் புரட்டினாள்.

"கைரேகை பாக்குறீங்களா மேடம்? அப்படியே எனக்கும் பாத்துடுங்க. சம்பளம் எப்ப ஏறும்னு தெரியணும்," என்றான் அவளுடைய உதவியாளன் ரேடியோ.

"உனக்கு ரேகையெல்லாம் எப்பவோ தேஞ்சு போச்சு. பேசாம நில்லு."

பேசாமல் நிற்பதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ரேடியோ செய்திருப்பான். நாற்பது வயதாகிறது, நிறுத்துகிற பொத்தானே இல்லாமல் பிறந்தவன் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கு அரம் என்ற பெயர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிடைத்தது. பொய்யாகத் தீப்பிடித்த கிடங்குகளையும், பொய்யாகச் செத்துப்போன மாமனார்களையும் பிடித்துக் கொடுக்கிற உத்தியோகம். இரும்பை ராவுகிற அரம் மாதிரி எத்தனையோ பேரை ராவித் தள்ளிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். பொய் சொல்கிறவர்கள் மேல் அவளுக்குப் பெரிய கோபம் கிடையாது. மட்டமாகப் பொய் சொல்கிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் இதுதான். பெரியவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருஷமாக ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. சுவரில் இருக்கும் லைட் சுவிட்சை அழுத்திவிட்டு, கதவு திறக்கும் என்று காத்துக்கொண்டு நிற்பார். மகனுக்குக் கப்பலில் வேலை. பார்த்துக்கொள்வது மருமகள். பெற்ற மகள், அதாவது மருமகளின் நாத்தனார், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு ஆலோசனை சொல்வாள். அப்பாவை ஞாபக சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போனதும் அவள்தான். அங்கே இருப்பவரை எல்லோரும் மூளை டாக்டர் என்பார்கள். செலினியம் என்ற தாதுவைச் சுமக்கும் புரதம் கலந்த டானிக் என்று ஒன்றைக் கொடுப்பார். மாதாமாதம் நோயாளியின் முடியில் கொஞ்சம் கத்தரித்து ஒரு மெஷினில் காட்டினால், செலினியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் பச்சைக் கோடு வரும். போன வாரம் பெரியவர் முடியைக் காட்டியபோது பச்சை வரவில்லை. சிவப்பு வந்து மெஷினே கத்தியது. விஷ அளவாம். மூளை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என் மருந்துல இவ்வளவு ஏறாதும்மா. வீட்டுல யாரோ தனியா குடுக்குறாங்க," என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பது மருமகள் ஒருத்திதான்.

அவ்வளவுதான், நாத்தனார் ஆடித் தீர்த்துவிட்டாள். இன்று மத்தியானம் சிகிச்சை நிலையத்தின் வேன் வரும். பெரியவரை அங்கேயே நிரந்தரமாகச் சேர்த்துவிட்டு, கையோடு மருமகள் மேல் போலீஸில் புகார் கொடுப்பதாக ஏற்பாடு. புருஷன் கப்பலிலிருந்து போன் பண்ணி, "அக்கா சொல்றத கேளு," என்று சொல்லி வைத்துவிட்டான். நல்ல புருஷன்! நேற்று அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்து, "நான் ஜெயிலுக்குப் போறது இருக்கட்டும்மா. மாமா அங்க போனா யாரு ஊட்டினா சாப்பிடுவாரு? வேற கையைக் கண்டாலே வாயை மூடிக்குவாரே," என்று கேட்டாள். அரம் உடனே பெரியவரை வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் எடுக்க வைத்தாள். முடிவு இன்னும் வரவில்லை.

"நகம் எப்ப வெட்டினீங்க?" என்று கேட்டாள் அரம்.

"போன வாரம். வெட்ட விடவே மாட்டாரு. கல்லு மாதிரி இருக்கும்," என்றாள் மருமகள்.

"கல்லு மாதிரி இருக்கக் கூடாதே. செலினியம் விஷமா ஏறின ஆளுக்கு நகத்துல வெள்ளைக் கோடு விழும். அப்புறம் நகமே உதிர ஆரம்பிக்கும். முடி கொத்துக் கொத்தாக் கொட்டும். மூச்சுல பூண்டு நாத்தம் வரும்." அரம் குனிந்து பெரியவரின் முகத்துக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோனாள்.

பெரியவர் அவளை மரியாதையாகப் பார்த்து, "எந்த மாடிம்மா?" என்றார்.

"கீழ்த்தளம்தான் ஐயா, அவங்க எப்பவும் அங்கதான் நிப்பாங்க," என்றான் ரேடியோ.

அரம் அதைக் காதில் வாங்கவில்லை. பெரியவரின் முடியைக் கோதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வயதுக்குப் பொறாமைப்படும்படி அடர்த்தியான முடி. ரேடியோ தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான்.

"இவருக்குச் சாயம் ஏதாவது போடுறீங்களா?"

"இல்லம்மா. தும்பைப் பூவா இருந்துச்சு. கொஞ்ச நாளாத்தான் இப்படித் துருப்பிடிச்ச மாதிரி ஆகுது. வயசுன்னு நெனச்சேன்."

"வயசானா வெள்ளையாகும். ஆரஞ்சாகி எவனும் கேள்விப்பட்டதில்ல. உங்க கையைக் காட்டுங்க."

மருமகள் பயந்துகொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். இடது கையில் ஒரு வெள்ளி வளையல் பளபளவென்று இருந்தது. வலது கை மோதிரமும் வெள்ளிதான். ஆனால் அடுப்புக் கரியாக இருந்தது.

"தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டேன்மா. மறுநாளே கறுத்துடுது."

"வலது கையால மட்டும் என்னத்தைத் தொடுறீங்க?"

"எல்லாம் அந்தக் கையாலதான். சமைக்கிறது, ஊட்டுறது, துடைக்கிறது, மாமாவுக்குத் தலை தேய்ச்சு விடுறது..."

"நிறுத்துங்க. எதைப் போட்டுத் தேய்க்கிறீங்க?"

குளியலறை ஜன்னல் மேடையில் அந்தப் பாட்டில் இருந்தது. சிகிச்சை நிலையத்தின் முத்திரை போட்ட பாட்டில். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்து கிடையாது. 'தூய தலை, தெளிந்த சிந்தனை' என்று மட்டும் போட்டிருந்தது.

"டானிக் வாங்குற எல்லாருக்கும் இதை இலவசமாக் குடுப்பாங்க. தலை சுத்தமா இருந்தாத்தான் மருந்து பிடிக்குமாம். வாரத்துக்கு ஒரு தடவை போடச் சொன்னாங்க," என்றாள் மருமகள்.

"வாரத்துக்கு ஒரு தடவைதான் போட்டீங்களா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "இப்பக் கொஞ்ச நாளாத் தினமும் போடுறேன். தலை தேய்ச்சு விட்டா மாமா குழந்தை மாதிரி அடங்கிடுவாரு. அன்னிக்கு முழுக்கக் கத்த மாட்டாரு. தீந்துடுச்சுன்னா அங்க போய்க் கெஞ்சி இன்னொண்ணு வாங்கிட்டு வருவேன். அது தப்பாம்மா?"

அரம் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினாள். ஆரஞ்சு நிறத்தில் கூழாக விழுந்தது. மல்லிகை வாசனை ஒன்று தூக்கலாக வந்தது. அதற்கு அடியில் அழுகின முட்டை நாற்றம்.

"ரேடியோ, மருந்துக்கடைக்கு ஓடு. பொடுகுக்குப் போடுற ஷாம்பு, ஆரஞ்சு நிறத்துல கெட்டியா இருக்கும். ஒண்ணு வாங்கிட்டு வா."

"என் தலைக்குப் பொடுகு ஷாம்பு கேட்டா கடைக்காரன் சிரிப்பான் மேடம்."

சிரித்தானோ என்னவோ, போன வேகத்தில் வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றினால் ஒரே கூழ், ஒரே நிறம், வாசனையை ஒதுக்கிவிட்டால் ஒரே நாற்றம். கடை பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை ரேடியோ எழுத்துக் கூட்டி வாசித்தான். "செலினியம்... சல்ஃபைடு. அடப்பாவி!"

மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அப்ப என் கையாலேயே மாமாவுக்கு விஷத்தை ஏத்திட்டேனா?"

"ஒண்ணும் ஏறல. நல்ல தோலைத் தாண்டி அது உள்ள போகாது. பொடுகு இருக்கிற பாதி உலகம் இதைத்தான் போட்டுக் குளிக்குது. முடியில மட்டும் ஒட்டிக்கும். எத்தனை தண்ணி ஊத்தினாலும் முழுசாப் போகாது. வெள்ளைமுடியை ஆரஞ்சாக்கும், வெள்ளி மோதிரத்தைக் கறுப்பாக்கும். முடியைக் கத்தரிச்சு மெஷின்ல காட்டினா, அந்த மெஷினுக்கு என்ன தெரியும்? செலினியம் இருக்குன்னு சொல்லும். வாரத்துக்கு ஒரு தடவை போட்டா அளவாப் பச்சைக் கோடு. நீங்க அக்கறையாத் தினமும் போட்டுட்டீங்க, சிவப்புக் கோடு. அந்த ஆளு நடுங்கிப்போய்ப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுட்டாரு."

அப்போது அரத்தின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை, "நிச்சயமாத்தானே? ரெண்டு தடவை பாத்தீங்களா?" என்றாள். வைத்தபோது அவள் உதட்டோரம் லேசாக வளைந்திருந்தது. யாருக்கோ இன்று நல்ல நாள் இல்லை என்று ரேடியோ புரிந்துகொண்டான்.

"ரத்தத்துல விஷம் கிடையாது," என்றாள் அரம்.

மருமகள் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். அரத்துக்கு ஆறுதல் சொல்ல வராது. அவள் தோளில் இரண்டு தடவை தட்டினாள், கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு ரேடியோவை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். ரேடியோவின் முகம் அஷ்டகோணலாகியது.

"மேடம், அது எங்க மாமனார் கல்யாணத்துக்குக் குடுத்தது!"

"செத்தா போயிடும்? போய் எடுத்துட்டு வா."

சிகிச்சை நிலையத்தின் வரவேற்பறை முழுக்க ஜனங்கள். சுவரில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். கல்லீரலிலிருந்து ஒரு குட்டி மனிதன் மூட்டை தூக்கிக்கொண்டு கழுத்து வழியாக ஏறி மூளைக்குப் போகிறான். மூட்டையில் செலினியம். மூளை பல்லைக் காட்டிச் சிரிக்கிறது.

"இது உண்மையா மேடம், இல்ல இதுவும் கப்சாவா?" என்றான் ரேடியோ, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"உண்மைதான். அதுதான் வயித்தெரிச்சல். கல்லீரல் ஒரு புரதம் செய்யுது. அது செலினியத்தை ரத்தம் வழியாச் சுமந்துட்டுப் போகும். மூளை வாசல்ல அதைப் பிடிச்சு உள்ள இழுத்துக்க ஆள் இருக்கு. அந்தச் செலினியத்தை வெச்சு மூளை காவலுக்குச் சில புரதம் செஞ்சுக்கும். காவல் இல்லன்னா நரம்பு செல்லெல்லாம் துருப்பிடிச்சுச் சாகும். ஞாபகம் போற நோய்லயும், கை நடுங்குற நோய்லயும் இந்தச் சுமைதூக்கிப் புரதம் என்ன பண்ணுதுன்னு எத்தனையோ பேர் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க. செலினியம் குடுத்தா நோய் திரும்பும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. அதுக்குள்ள இந்த ஆளு கடை விரிச்சுட்டாரு."

"அந்தப் புரதத்தையே டானிக்குல கலந்திருக்கேன்னு சொல்றாரே?"

"கலந்தா? நீ முட்டை சாப்பிட்டா அது கோழியா உன் மூளைக்கு ஏறுதா? வயித்துலயே செரிச்சு முடிஞ்சிடும். உனக்கு ஏறினாலும் அங்க இறங்க இடம் இருக்காது."

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ரேடியோ ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினான். "பேஷன்ட்டைக் கூட்டிட்டு வர முடியலம்மா."

"பேஷன்ட் வரணும்னே இல்ல சார். முடி வந்தாப் போதும்," என்றாள் அவள், பெருமையாக.

மூளை டாக்டரின் அறையில் நாத்தனார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அப்பாவைச் சேர்க்கிற தாளில் கையெழுத்துப் போட வந்தவள். நல்ல புடவை, நிமிர்ந்த முதுகு, யாரையும் தன்னைவிட ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற கண். அரம் உள்ளே வந்து, "உங்க அப்பா விஷயமாத்தான் வந்தேன். இவர் வேலை முடியட்டும், நான் காத்திருக்கேன்," என்று சொல்லிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் தேன் ஒழுகுகிற குரலில் ரேடியோவைப் பார்த்து, "யாருக்கு ஐயா?" என்றார்.

"எங்க மாமனார் வீட்டு உறவு டாக்டர். பாத்ரூமை விட்டு வெளிய வர்றதே இல்ல. நாள் முழுக்கச் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"பேச்சு?"

"சுத்தமா இல்ல. காலையில தண்ணி பட்டா மட்டும் கொஞ்சம் சுறுசுறுப்பு."

"உங்களை அடையாளம் தெரியுதா?"

"தினமும் என் முகத்துலதான் முழிக்கிறாரு. தெரிஞ்ச மாதிரி ஒரு நாளும் காட்டிக்கிட்டதில்ல."

"முத்திப்போன கேஸ்," என்று டாக்டர் வருத்தப்பட்டார். பொட்டலத்தில் இருந்த முடியை மெஷினின் தட்டில் பரப்பி, மூடி, பொத்தானை அழுத்தினார். திரையில் அழகான பச்சைக் கோடு எழுந்து நின்றது. டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம டானிக் எப்ப ஆரம்பிச்சீங்க?"

"இப்பத்தான் டாக்டர். பாட்டிலைப் பக்கத்துல வெச்சிருக்கோம்."

"பாருங்க! என்ன வேகம்!" டாக்டர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா, சரியாக் குடுத்தா இப்படித்தான் பச்சை வரும். இந்த மனுஷரோட மூளைக்குச் செலினியம் போய்ச் சேர ஆரம்பிச்சிடுச்சு. மூளை அதை விடாம பிடிச்சு வெச்சிருக்கு. உங்க வீட்டுல யாரோ கை வெச்சதாலதான் உங்க அப்பாவுக்குச் சிவப்பு வந்துச்சு."

"பேஷன்ட்டை நேர்ல பாக்குறீங்களா டாக்டர்?" என்றான் ரேடியோ. "கூட்டிட்டு வர முடியலன்னு வெளிய ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சட்டைப் பையிலதான் இருக்காரு."

எடுத்து மேஜையில் நிறுத்தினான். எலும்புக் கைப்பிடி போட்ட ஷேவிங் பிரஷ். ஒரு பக்கம் கத்தரித்து மொட்டையாக நின்றது.

நாத்தனார் பிரஷ்ஷைப் பார்த்தாள், திரையில் இருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து உங்க இலவச ஷாம்புல நாலஞ்சு தடவை குளிச்சாரு. மூளைன்னு ஒண்ணு இவருக்கு எங்க இருக்குன்னு நீங்கதான் காட்டணும்," என்றாள் அரம்.

"மெஷின்ல ஏதோ கோளாறு..." என்று டாக்டர் எழுந்தார். தேன் வற்றிப் போயிருந்தது.

"மெஷினைத் திட்டாதீங்க, பாவம். அது சரியாத்தான் சொல்லுது. செலினியம் இருக்கு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பொடுகு ஷாம்புல ஸ்டிக்கர் ஒட்டி ஊருக்கெல்லாம் தானம் பண்றீங்களே, அந்தத் தாராள மனசு எதுக்குன்னு நானும் யோசிச்சேன்."

நாத்தனார் அரத்தின் பக்கம் திரும்பினாள். "அப்ப அப்பாவுக்கு விஷம் குடுத்தது இவரா? அந்த டானிக்குலயா?"

"இவரா?" அரம் மூளை டாக்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும்மா. உங்க அப்பா ரத்தத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில பாத்தாச்சு. விஷம் இல்ல. அது மட்டும் இல்ல, செலினியம் சாதாரண ஆளுக்கு இருக்கிறதைவிடக் குறைச்சலா இருக்கு. இத்தனை மாசமா வேளை தவறாம டானிக் குடிச்ச மனுஷனுக்கு! அந்த டானிக்குல விஷமும் இல்ல, மருந்தும் இல்ல. சர்க்கரைத் தண்ணி. மூளைக்குச் சுமந்துட்டுப் போக மூட்டையில ஒண்ணுமே வெக்காம அனுப்பியிருக்காரு."

டாக்டர் கதவுப் பக்கம் நகர்ந்தார். கதவு திறந்துதான் இருந்தது. ரேடியோ அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தான். வரவேற்பறை ஜனங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் முடிப் பொட்டலம்.

"மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிங்க வந்துக்கிட்டு இருக்காங்க," என்றாள் அரம். "அதுவரைக்கும் உங்களுக்கு இவங்க துணை இருப்பாங்க. பேசிக்கிட்டிருங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது நாத்தனாரும் கூட வந்தாள். வேன் வராது என்றும், புகார் கிடையாது என்றும் அரம்தான் மருமகளிடம் சொன்னாள். மருமகள் கும்பிட வந்தாள். அரம் அவள் கையைத் தட்டிவிட்டு, "அதெல்லாம் வேணாம்," என்றாள்.

பெரியவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று அரத்தின் மேல் பாய்ந்தாள்.

"உங்களை யாரு இதெல்லாம் கண்டுபிடிக்கச் சொன்னது? விஷம்னு அந்த ஆளு சொன்னப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? விஷம்னா நிறுத்திடலாம். நிறுத்திட்டா அப்பா பழையபடி ஆயிடுவாருன்னு நெனச்சேன். இப்ப விஷமும் இல்ல, மருந்தும் இல்லன்னா... அப்ப அவரு இப்படியேதானா?"

ரேடியோ ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான்.

"ஆமா அண்ணி. இப்படியேதான்," என்றாள் மருமகள். "இன்னும் மோசமாவும் ஆகும். பெரிய ஆஸ்பத்திரியில நேத்தே சொல்லிட்டாங்க. இருக்கிற வரைக்கும் பாத்துக்கணும், அவ்வளவுதான். வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு வெளிய போகணும். எங்க அம்மாவைப் பாத்து வருஷம் ஆகுது. நீங்க வந்து அவரைப் பாத்துக்கங்க."

"ஒரு நாள் முழுக்கவா?" நாத்தனார் தடுமாறினாள். "நான் தனியாவா? அவரு என்ன சாப்பிடுவாரு, எப்பத் தூங்குவாரு, கத்தினா என்ன பண்ணணும்... எனக்கு ஒண்ணுமே தெரியாதே!"

மருமகள் அவளை நேருக்கு நேர் பார்த்தாள். அழுகை எல்லாம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"அவரு என்ன சாப்பிடுவாருன்னுகூட உங்களுக்குத் தெரியாது. நான் விஷம் வெச்சேன்னு மட்டும் எப்படி அண்ணி தெரிஞ்சுது?"

நாத்தனார் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு," என்றாள்.